லைன்காரர் விழுந்தாலும் லைன் விழவில்லை

மளிகை வியாபாரி என்றதும், கல்லாப் பெட்டிக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டே கணக்கு எழுதும் ஒருவரைத்தான் சினிமாக்காரர்கள் காட்டுகிறார்கள். நம்மில் பலருடைய பிழைப்பு இரண்டு சக்கரங்களின் மேல் ஓடுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. விடியுமுன் காய்கறி மார்க்கெட், அங்கிருந்து மண்டி, மண்டியிலிருந்து லாரி புக்கிங் ஆபீஸ், கடைக்குத் திரும்பிச் சரக்கை இறக்கிவிட்டு மறுபடியும் வசூலுக்கு. டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் வந்தபோது அது ஏதோ பள்ளி ஆசிரியர்களுக்கான வண்டி என்று பேசிக்கொண்டார்கள். அதன் மேல் அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் ஏற்றி அதை வியாபாரிகளின் வண்டி ஆக்கியவர்கள் நாம்தான்.

இவர்களிலும் லைன் வியாபாரிகளின் நிலை தனி. டீத்தூள், அப்பளம், ஊதுபத்தி, கடலை மிட்டாய், சோப்பு, தீப்பெட்டி என்று மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பை தொங்கவிட்டு, பின்னால் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு, கிழமைக்கு ஒரு பாதையாகக் கிராமக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர்கள். இவர்களுக்குக் கடை ஒரு பாதி, லைன் ஒரு பாதி. முதல் என்பது கிடங்கில் இருக்கும் சரக்கு மட்டுமல்ல. 'வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்துவிடுவார்' என்று நாற்பது கடைக்காரர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையும் முதல்தான். மூன்று வாரம் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவர் பெட்டியை இறக்கிவிடுவார். கைகால் முறிந்தால் எலும்பு கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். லைன் போவதற்கு மூன்று வாரம் போதும்.

இந்தக் கணக்கை ஏழு மாதம் தாங்கி நின்ற ஒரு நண்பரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். திண்டுக்கல் வட்டாரத்தில் சிறு மளிகைக் கடையும் லைன் வியாபாரமும் நடத்துபவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஊரார் அழைப்பது போல அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறோம். அவரை நாம் மூன்று முறை போய்ப் பார்த்துப் பேசினோம். அவரைக் காட்டிலும், அவரோடு அதே சாலையில் ஓடும் ஐந்து லைன்காரர்களிடம் பேசியதுதான் அதிகம். அண்ணாச்சிக்குத் தன் கதையைச் சொல்வதில் பெரிய விருப்பம் இல்லை.

சாலையில் நடந்தது

2023 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. வத்தலக்குண்டு லைன். செம்பட்டி தாண்டியதும் விடியல் இருட்டும் தூறலும். பின்விளக்கோ சிவப்புப் பட்டையோ இல்லாத ஒரு டிராக்டர் டிரெய்லர், பாதிச் சாலையை அடைத்து நின்றிருக்கிறது. வண்டியை ஒடித்து விலகியவர் ஓரத்துச் சரளையில் சறுக்கி விழுந்தார். எழுபது கிலோ சரக்கோடு மோட்டார் சைக்கிள் வலது காலின் மேல் சாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்று தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது.

பத்து நிமிடத்துக்குள் பின்னாலேயே இரண்டு லைன்காரர்கள் வந்தார்கள். ஒருவர் அப்பளம், மற்றவர் பிஸ்கட். அவர்கள் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் சற்று விரிவாகவே எழுத வேண்டும். நாளை நம்மில் எவரும் அந்த இடத்தில் நிற்கக் கூடும்.

அப்பளக்காரர் தன் வண்டியை ஐம்பது தப்படி பின்னால் கொண்டுபோய், விளக்குகளை மின்னவிட்டுச் சாலையில் குறுக்காக நிறுத்தினார். அடுத்து வரும் லாரி இவர்கள் மூவர் மேலும் ஏறாமல் இருக்க வேண்டுமே! பிஸ்கட்காரர் 108-க்குப் போன் செய்து, மைல் கல்லைப் பார்த்து இடம் சொன்னார். பிறகுதான் விழுந்தவரிடம் வந்தார்கள். வண்டியை அப்படியே இழுக்காமல், முதலில் கயிற்றை அறுத்துச் சரக்கை அகற்றிவிட்டு, இருவருமாகத் தூக்கி நகர்த்தினார்கள். இழுத்திருந்தால் முறிந்த எலும்பு சதையையும் ரத்தக் குழாயையும் மேலும் அறுத்திருக்கும். ரத்தம் வந்த இடத்தில் சலவைத் துண்டை மடித்து வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார்கள். வெளியே தெரிந்த எலும்பை உள்ளே தள்ளப் பார்க்கவில்லை.

அடுத்ததை நாம் மிகவும் ரசித்தோம். கால் ஆடாமல் இருக்கக் கட்டை தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. பிஸ்கட்காரர் தன் அட்டைப் பெட்டி ஒன்றைக் காலி செய்து, பிரித்து, தகரக் குழாயை நீளவாக்கில் பிளந்தது போல மடித்து, கால் கிடந்த நிலையிலேயே இரு பக்கமும் அணைத்து, சரக்குக் கட்டும் நாடாவால் மேலும் கீழும் கட்டினார். தொட்டி போலக் கால் அதில் அடங்கிக்கொண்டது. முறிந்த இடத்துக்கு மேலுள்ள மூட்டும் கீழுள்ள மூட்டும் சேர்ந்து அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முதலுதவிப் பாடம். கெட்டி அட்டை அதற்கு நன்றாகவே உதவும். எந்த மளிகை வியாபாரியிடமும் எப்போதும் இருக்கும் பொருள் அது.

தண்ணீர் கேட்டார், கொடுக்கவில்லை. "நாக்கு வறளுதுடா தம்பி, ஒரு வாய் குடு" என்று கெஞ்சியதாகவும், "ஆஸ்பத்திரியில தருவாங்க அண்ணாச்சி, இப்ப வேணாம்" என்று ஈரத் துண்டால் உதட்டை மட்டும் துடைத்ததாகவும் அப்பளக்காரர் சொன்னார். அடிபட்டவர் நினைவு தப்பினால் குடித்த நீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். உடனே அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கும் வெறும் வயிறே நல்லது. நம் ஊரில் விபத்தென்றால் முதலில் ஓடி வருவது சோடா பாட்டில்தான். அதை நிறுத்த வேண்டும்.

ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. மூச்சு சீராக இருந்தது, பேசினார், வாந்தி இல்லை. ஆகவே தாடை வாரை மட்டும் தளர்த்திவிட்டு, தலையைத் திருப்பாமல் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள்தான், ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றவர் மெல்ல உருவ, இரண்டு பேராகக் கழற்றினார்கள். கழுத்தெலும்பில் அடி இருந்தால் அவசரமாக இழுப்பது பெரிய கேடு. மூச்சு அடைத்தாலோ வாந்தி எடுத்தாலோ சங்கதி வேறு. அப்போது காத்திருக்க முடியாது, இதே முறையில் இருவராகக் கழற்றத்தான் வேண்டும்.

அந்த ஹெல்மெட்டின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருப்பதை நாமே பார்த்தோம். லைன் வியாபாரிகள் பலர், நூறு முறை நிறுத்தி இறங்குகிற தொழிலில் ஹெல்மெட் எதற்கு என்று கேட்கிறார்கள். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பேர்பெற்ற ஆங்கிலேய அதிகாரி 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையில் பட்ட அடியால் ஆறு நாளில் இறந்தார். அவரைக் கவனித்த டாக்டர்களில் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் அதை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தபால் கொண்டு ஓடிய மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதினார். ஹெல்மெட் கட்டாயமானதன் பின்னணியில் அந்த ஆராய்ச்சி இருக்கிறது. போர் வீரனுக்கு வேண்டியது அப்பளக்காரருக்கு வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அடிபட்டவரை இரண்டு பேருக்கு நடுவில் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம். நல்லெண்ணத்தால் செய்வதுதான். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அந்தப் பயணமே காலைச் செயலிழக்கச் செய்துவிடும்.

போலீஸ் பயம்

அன்று அந்த இடத்தில் நான்கைந்து கார்கள் வேகத்தைக் குறைத்து, பார்த்து, போய்விட்டன. கல்நெஞ்சம் என்று நாம் அவசரப்பட்டுச் சொல்ல மாட்டோம். 'சாட்சி என்று இழுப்பார்கள், கடையை மூடிவிட்டுக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்' என்ற பயம் வியாபாரிகளுக்கே அதிகம். அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பெயர், முகவரி தர வேண்டும் என்று போலீசாரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. விரும்பினால் சாட்சி சொல்லலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்தவருக்கு மத்திய அரசு தரும் வெகுமதி, 2021-இல் 5,000 ரூபாயாகத் தொடங்கி, 2025-இல் 25,000 ஆக உயர்ந்தது. பணத்துக்காக எவரும் ஓடிப் போவதில்லை. அரசே தட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

செலவு விஷயத்திலும் அப்படியே. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டம் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். தொடக்கத்தில் உச்ச வரம்பு ஒரு லட்சம் ரூபாய். வெளிமாநிலத்தவர் என்றாலும், ரேஷன் கார்டு இல்லை என்றாலும் தடையில்லை என்பதே அதன் சிறப்பு. 2025 மே மாதம் மத்திய அரசும் ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை நாடு முழுவதற்கும் அறிவித்தது. ஆம்புலன்ஸ் எங்கே கொண்டுபோவது என்று கேட்கும்போது, 'பணம் இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பும் புத்தூர் கட்டும்

அண்ணாச்சிக்கு அன்றே காயத்தைக் கழுவி, காலுக்கு வெளியே கம்பி பொருத்தி நிறுத்தினார்கள். புண் ஆறத் தொடங்கிய பின், எலும்பின் உள்ளே நீளக் கம்பி செலுத்தும் இரண்டாவது அறுவை. அதற்குத் தேவைப்பட்ட ரத்தத்தை லைன்காரர்களில் இருவர் கொடுத்தார்கள்.

இடையில் வீட்டில் ஒரு போராட்டம். உறவினர்கள் கார் பிடித்துக்கொண்டு வந்து, ஆந்திராவில் இருக்கும் புத்தூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். புத்தூர் கட்டின் மேல் நம் மக்களுக்குள்ள நம்பிக்கை தலைமுறை நம்பிக்கை. அதைக் கேலி செய்வது நம் நோக்கம் அல்ல. ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்த முறிவில், கிருமி உள்ளே புகுவதுதான் முதல் எதிரி. கழுவுவதும் மருந்து ஏற்றுவதும் ஆபரேஷன் தியேட்டரில்தான் நடக்கும். இதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லித் தடுத்தவர், ஐவரில் மூத்தவரான டீத்தூள்காரர். "மதினி, கால் கோணலா கூடுனாக்கூடப் பெறகு பாத்துக்கலாம். சீழ் வச்சுதுன்னா காலே இல்லாமப் போயிரும்" என்று அண்ணாச்சியின் மனைவியிடம் சொன்னாராம். அந்த வார்த்தைக்கு எடை இருந்ததன் காரணம், பல வருஷம் முன்பு அவரே ஒருமுறை விழுந்து எழுந்தவர் என்பதுதான்.

கணைக்கால் எலும்பு கூட நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். திறந்த முறிவென்றால் அதற்கு மேலும் இழுக்கும். அங்கே தோல் மெல்லியது, ரத்த ஓட்டமும் குறைவு. பீடி குடித்தால் எலும்பு கூடுவது தாமதமாகும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பார்க்க வருகிற ஐவரும் சட்டைப்பையைத் தடவிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவது என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி அதற்காகக் கோபித்துக்கொண்டதும் உண்டு. படுக்கையில் பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைச் சதையை இறுக்கித் தளர்த்துவது, பிறகு வாக்கர், பிறகு கைத்தடி. பாதத்தை அசைப்பது வெறும் பயிற்சி அல்ல. படுத்தே கிடப்பவரின் காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் அது உதவுகிறது.

குறிப்பேட்டில் புளியமரத்துக்காரர்

இனிதான் விஷயத்துக்கு வருகிறோம். காலை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். கடையை அண்ணாச்சியின் மனைவி பார்த்துக்கொண்டார். லைனை யார் பார்ப்பது?

அண்ணாச்சிக்குக் கிழமைக்கு ஒரு பாதை. திங்கள் சின்னாளபட்டிப் பக்கம், செவ்வாய் ஆத்தூர், புதன் நிலக்கோட்டை, வியாழன் வத்தலக்குண்டு, வெள்ளி ரெட்டியார்சத்திரம், சனி நத்தம். விபத்து நடந்த மூன்றாம் நாள் இரவு, மருத்துவமனை வாசலில் உள்ள டீக்கடையில் ஐவரும் கூடிக் கிழமைகளைப் பிரித்துக்கொண்டார்கள். அவரவர் லைன் எந்தக் கிழமையில் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கத்து அண்ணாச்சி கடைகளும் அவர் பொறுப்பு. நத்தம் பக்கம் ஒருவருக்கும் லைன் இல்லை. அது மட்டும் இருவாரத்துக்கு ஒருமுறை முறைவைத்து.

சரக்கு அண்ணாச்சியின் கிடங்கிலிருந்து, பில் அண்ணாச்சியின் பில் புத்தகத்தில், வசூல் அண்ணாச்சியின் கணக்கில். கமிஷன் கிடையாது. முதல் இரண்டு வாரம் பெட்ரோல் காசும் வாங்கவில்லை. அதன் பிறகு, பெட்ரோல் காசு வாங்காவிட்டால் சரக்கை எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்று அந்த அம்மா உறுதியாக நின்றதால் வாங்கிக்கொண்டார்கள். அவர் நின்றதுதான் சரி என்பது நம் எண்ணம். இலவசமாக ஏழு மாதம் எவராலும் ஓட முடியாது. மூன்றாம் மாதம் முகம் சுளிக்கும். பெட்ரோல் காசு வாங்கியதால்தான் ஏழாம் மாதம் வரை தாங்கியது.

முதல் தடை பாக்கிக் குறிப்பேடு. மோட்டார் சைக்கிள் பையிலிருந்து அது கிடைத்தது. ஒருவராலும் படிக்க முடியவில்லை. கடைப் பெயரே இல்லை. 'புளியமரம் 1,150', 'வெள்ளை வீட்டம்மா 640', 'மு.வா. 300 தள்ளி' என்று எழுதியிருந்தது. நம்மில் எத்தனை பேருடைய குறிப்பேடு இந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எழுதியவர் பிழைத்திருந்தார், பேச முடிந்தது. அதனால் படுக்கை அருகே உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த மூன்று மாலைப் பொழுதுகளில்தான் அவர் முகம் தெளிந்தது என்கிறார் அவர் மனைவி. வலியை மறந்து, எந்தக் கடை எந்தத் திருப்பத்தில், எவர் சனிக்கிழமை கேட்டால்தான் தருவார், எவரிடம் கேட்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இரண்டாவது தடை பெரிது. ஐவரில் அப்பளக்காரர் போடுகிற அப்பளமும் அண்ணாச்சி போடுகிற அப்பளமும் வெவ்வேறு கம்பெனி. அதே கடைகள், அதே தட்டி. அண்ணாச்சி வராத நாளில் தன் கட்டை வைத்துவிட்டு வருவது அவருக்கு ஒரு நிமிட வேலை. அதைத் தவறு என்று வியாபார உலகம் சொல்லாது. அவருடைய கம்பெனி ஏஜெண்டும் இதுதான் சமயம் என்று தூண்டியிருக்கிறார். அவர் செய்தது இதுதான்: அண்ணாச்சியின் கடைகளில் ஏழு மாதம் அவருடைய அப்பளத்தையே இறக்கினார், தன் சரக்கைப் பழைய அளவுக்கு மேல் ஒரு கட்டுக் கூட ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டோம். "அவரு எந்திரிச்சு வந்து பாத்தா என்னத்தச் சொல்றது?" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

மண்டியிலும் அவர்கள்தான் பேசினார்கள். வழக்கமான ஏழு நாள் தவணையை முப்பது நாளாக்கித் தருமாறு கேட்டு, ஐவரும் ஜவாப் சொன்னார்கள். மண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். ஒருவர் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன், ஐந்து பேர் கேட்டதால் கொடுத்தேன் என்று அவர் நம்மிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று எழுதினால் நம் வாசகர்களே நம்ப மாட்டார்கள். இரண்டாவது மாதம் நிலக்கோட்டை லைன் கணக்கில் 4,200 ரூபாய் இடித்தது. கொடுத்துவிட்டோம் என்று இரண்டு கடைக்காரர்கள் சொன்னார்கள். வரவில்லை என்று லைன் ஓட்டியவர் சொன்னார். ஒரு வாரம் ஒருவரோடொருவர் பேச்சில்லை. கடைசியில் அண்ணாச்சி அந்தத் தொகையைத் தன் நஷ்டத்தில் எழுதிக்கொண்டு, அன்றுமுதல் கார்பன் வைத்த சிட்டை, இரு பக்கமும் கையெழுத்து என்று ஏற்பாடு செய்தார். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நட்பாயிற்றே, சிட்டை எதற்கு என்று நினைப்பது நட்புக்கும் நல்லதல்ல, கணக்குக்கும் நல்லதல்ல.

தினமும் இரவு எட்டரை மணிக்கு அன்றைய லைன் ஓட்டியவர் வந்து பணமும் சிட்டையும் ஒப்படைப்பார். கடைக்குப் பின்னால்தான் வீடு. கட்டிலைக் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவோரம் போட்டிருந்தார்கள். அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள். எந்தக் கடையில் போட்டிக்காரர் புகுந்தார், எந்த ஊரில் சாலை போடுகிறார்கள் என்ற பேச்சுத்தான். படுத்தே கிடக்கிற வியாபாரிக்கு அந்த அரை மணி நேரம் என்ன செய்யும் என்பதை வியாபாரி அல்லாதவருக்கு விளக்குவது கடினம்.

காகிதங்கள்

ஆம்புலன்ஸ் போன கையோடு பிஸ்கட்காரர் டிராக்டரின் எண்ணையும் டிரெய்லர் நின்ற நிலையையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதனால் முதல் தகவல் அறிக்கையில் வண்டி எண் ஏறியது. டிராக்டரின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் நஷ்டஈடு கேட்க முடிந்தது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எழுந்து நடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் கெடு போய்விடும். அண்ணாச்சிக்காக ஐந்தாம் மாதம் வக்கீலைப் பார்க்க அழைத்துப் போனவரும் டீத்தூள்காரர்தான்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், அரசு ஏற்படுத்தியுள்ள நிதியிலிருந்து படுகாயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம் என்று 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட தொகை உண்டு. இதைக் கேட்டு வாங்கியவர்களை நம் வட்டாரத்தில் நாம் பார்த்ததே இல்லை.

நம்மவர்கள் பலரும் குழம்புகிற இடம் ஒன்று. வண்டி இன்சூரன்ஸோடு சேர்த்துக் கட்டுகிற சொந்த விபத்துக் காப்பீடு, 15 லட்சம் ரூபாய், 2018-இல் நிர்ணயிக்கப்பட்டது. அது உயிர் போனாலோ, கை கால் கண் நிரந்தரமாகப் போனாலோ தருவது. ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ போனால் பாதித் தொகை. கூடிவிடுகிற முறிவுக்கு அதில் பைசா இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனி மருத்துவக் காப்பீடு வேண்டும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் அந்த 15 லட்சமும் சிக்கல்தான்.

தீர்ப்பாயம் கேட்கிற முதல் கேள்வி, மாதம் என்ன சம்பாதித்தீர் என்பது. வாய்வார்த்தை எடுபடாது. வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கல், பில் புத்தகம் எதுவும் இல்லாவிட்டால் நீதிமன்றமே ஒரு தொகையை அனுமானித்துக்கொள்ளும். அது பெரும்பாலும் கூலிக்காரர் வருமானத்தை ஒட்டியே நிற்கும். வரிக்குப் பயந்து பில் போடாதவர் நஷ்டஈட்டில் அந்தப் பயத்துக்கு வட்டி கட்டுகிறார். அண்ணாச்சி பில் புத்தகங்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மறுபடியும் சாலை

ஆறாம் மாதம் கைத்தடியை விட்டபோதும் வண்டியில் ஏற மனம் வரவில்லை. டிராக்டர் சத்தம் கேட்டாலே கை வியர்த்ததாம். இதை வெளியே சொல்ல ஆண்பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். விழுந்து எழுந்தவர்களில் இது இல்லாதவர் குறைவு. அவசரப்படுத்தாமல் முதலில் பின்சீட்டில் உட்காரவைத்து, தங்கள் லைனோடு அழைத்துப் போனார்கள். அதில் வியாபாரமும் இருந்தது: ஆள் முடங்கிவிட்டார் என்று எண்ணியிருந்த கடைக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். புளியமரத்துக்காரர் நிலுவை முழுவதையும் அன்றே எண்ணி வைத்துவிட்டார்.

மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. அடிபட்டதும் வலது கால். ஆகவே இரண்டு பிரேக்கும் கையில் இருக்கிற, கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டமில்லாத சாலையில், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் அண்ணாச்சி. 2024 ஜூனில் சின்னாளபட்டி லைனைத் தனியாக ஓட்டினார். அதுதான் இருப்பதில் பக்கம். மற்றக் கிழமைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். நத்தம் லைனை மட்டும் எடுக்கவில்லை. அவ்வளவு தூரத்துக்குக் கால் இடம் கொடுக்கவில்லை. அதைப் பிஸ்கட்காரர் முறைப்படி வாங்கிக்கொண்டார்.

இப்போது நாற்பது கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. சரக்கைத் தாழ்வாகக் கட்டுகிறார், பின்பெட்டியில் ஒளிரும் பட்டை ஒட்டியிருக்கிறார், வெளிச்சம் வந்த பிறகே புறப்படுகிறார். காலை ஒரு மணி நேரம் போனதால் நாலைந்து கடைகள் விட்டுப்போயின.

ஆறு பேருமாக இப்போது ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். தினமும் ஆளுக்கு இருபது ரூபாய். விருதுநகர் வியாபாரிகள் மகமையும் பிடியரிசியும் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை உட்பட. அந்த வழியில் வந்தவர்களுக்கு இருபது ரூபாய் டப்பா புதிதல்ல. டப்பாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: ரத்த வகை, வீட்டு எண், உரிமமும் இன்சூரன்ஸும் முடியும் தேதி, கிழமைவாரியாகக் கடைகள், யாருக்கும் புரிகிற எழுத்தில் கடைப் பெயர், யார் யாருடைய லைனை எடுத்துக்கொள்வது என்ற ஏற்பாடு. பாக்கித் தொகை மட்டும் அதில் இல்லை. அது அவரவர் வீட்டம்மாவிடம் உள்ள நோட்டில் இருக்கிறது.

இதைப் போன்ற நோட்டை மற்ற வட்டார லைன்காரர்களுக்கும் அச்சிட்டுத் தரலாமா, டப்பாவைச் சங்கத்தின் கணக்கில் நடத்தலாமா அல்லது அந்தந்தச் சாலைக்காரர்களிடமே விட்டுவிடலாமா என்பது அடுத்த செயற்குழுவில் பேசப்பட இருக்கிறது. சங்கத்தின் கைக்கு வந்தால் வேகம் போய்விடும் என்று ஐவரில் மூவர் நினைக்கிறார்கள். உறுப்பினர்கள் தங்கள் கருத்தையும், தங்கள் சாலையில் லைன் ஓட்டுகிறவர்களின் எண்ணிக்கையையும் கூட்டத்துக்கு முன் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பலாம்.